வார்த்தைக் கணக்குகளுக்கு எக்ஸெல் வழிகாட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் எக்ஸெல் புரோகிராம் பெரும்பாலும் மளிகைக் கணக்கு எழுதவும், மாதச் செலவைக் கூட்டவும்தான் பயன்படுகிறது. வீட்டில் யாராவது அரசுத் தேர்வுக்குப் படித்துக் கொண்டிருந்தால், அதே எக்ஸெல் ஒரு நல்ல கணக்கு வாத்தியாராகவும் இருக்கும். அது எப்படி என்று இங்கு பார்ப்போம்.

நான் சிங்கப்பெருமாள் கோயிலில் வசிக்கும் சாப்ட்வேர் என்ஜினீயர். ஒரகடம், மறைமலைநகர் பக்கம் உள்ள தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் எங்கள் ஊரில் பலர் உண்டு. என் சித்தி மகனும் அவர்களில் ஒருவன். ஒப்பந்த வேலை, அடுத்த வருடம் இருக்குமா என்பது அவனுக்கே தெரியாது. தமிழையும் பொது அறிவையும் விழுந்து விழுந்து படிப்பவன், "தந்தையின் வயது மகனின் வயதைப் போல்..." என்று ஆரம்பித்தால் அடுத்த பக்கத்திற்குப் போய்விடுவான். "அண்ணா, சமன்பாட்டைக் கொடுத்தால் போட்டுவிடுவேன். அதை எழுதத்தான் வரவில்லை" என்றான். பலருடைய சிக்கலும் இதுதான்.

2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். இதில் 25 வினாக்கள் திறனறிவுப் பகுதியைச் சேர்ந்தவை. ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் என்பதால், இந்தப் பகுதிக்கு மட்டும் 37.5 மதிப்பெண்கள். இதை விட்டுவிட்டு வேலைக்கான இடத்தை எட்டுவது கடினம். நேரத்தையும் பாருங்கள். ஒரு வினாவுக்குச் சராசரியாக 54 விநாடிகள்தான் கிடைக்கும்.

பி1 தான் எக்ஸ்

பள்ளியில் "தெரியாத எண்ணை எக்ஸ் என்க" என்று படித்திருப்பீர்கள். எக்ஸெல்லில் ஒரு செல்லுக்குப் பெயர் பி1. அதில் எந்த எண் இருக்கிறது என்று தெரியாமலேயே, பக்கத்துச் செல்லில் "பி1-ன் 3 மடங்கு" என்று ஃபார்முலா எழுதலாம். அல்ஜீப்ரா செய்வதும் இதே வேலைதான். மளிகைக் கணக்கிற்கு ஃபார்முலா எழுதத் தெரிந்த ஒருவருக்கு அல்ஜீப்ரா பாதி தெரியும் என்று அர்த்தம்.

எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமிலும் இதையெல்லாம் செய்யலாம். இங்கே பி1, பி2 என்று அச்சிட்டிருப்பதைக் கீபோர்டில் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

முதல் கணக்கு

தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 3 மடங்கு. 12 ஆண்டுகளுக்குப் பின் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 2 மடங்காக இருக்கும். மகனின் இன்றைய வயது என்ன?

ஏ நெட்டு வரிசையில் பெயர்களையும், பி நெட்டு வரிசையில் எண்களையும் இப்படித் தரவும்.

ஏ1: மகன் இன்று, பி1: 10
ஏ2: தந்தை இன்று; பி2: =3*பி1
ஏ3: மகன் பின்பு; பி3: =பி1+12
ஏ4: தந்தை பின்பு; பி4: =பி2+12
ஏ5: வித்தியாசம்; பி5: =பி4-2*பி3

பி1-ல் உள்ள 10 என்பது நாமாக வைத்த எண். பி5-ல் -2 என்று வரும். கணக்கில் சொன்னது உண்மையானால் அங்கே 0 வர வேண்டும். பி1-ல் 11 என மாற்றி என்டர் தட்டுங்கள், -1 வரும். 12 என மாற்றினால் 0. மகனுக்கு 12, தந்தைக்கு 36. ஒரு வயது கூட்டினால் வித்தியாசம் ஒன்று குறைகிறது என்பதைக் கவனித்தீர்களா? இரண்டு முறை எண்ணை மாற்றிப் பார்த்தாலே, விடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

விருப்பமான எண்ணை வைத்து ஆரம்பிக்கும் இந்த வழி புதிதல்ல. 1150-ஆம் ஆண்டு வாக்கில் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதியில் இதற்கு "இஷ்ட கர்மம்" என்று பெயர்.

இப்போது பி2 முதல் பி5 வரை உள்ள ஃபார்முலாக்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பி1 வரும் இடத்தில் எல்லாம் எக்ஸ் என்று போடுங்கள். (3எக்ஸ்+12) - 2(எக்ஸ்+12) = 0. எழுத வரவில்லை என்று நினைத்த சமன்பாடு இதுதான். அதைச் செல் செல்லாக நீங்களே எழுதிவிட்டீர்கள்.

"ஐ" எங்கே இருக்கிறது?

தமிழ் வினாக்களில் ஒரு வசதி உண்டு. "ராணியை விட மாலா 5 வயது மூத்தவள்", "மாலா ராணியை விட 5 வயது மூத்தவள்" என்று எப்படி மாற்றி எழுதினாலும் பொருள் ஒன்றே. எந்தப் பெயர் முதலில் வருகிறது என்று பார்த்தால் குழம்புவீர்கள். எந்தச் சொல்லில் "ஐ" ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். அவர்தான் அடிப்படை. ராணிக்கு பி1; மாலாவுக்கு =பி1+5. "மகனின் வயதைப் போல் 3 மடங்கு" என்பதிலும் "ஐ" மகனின் வயதில்தான் இருக்கிறது. எனவே மகனுக்கு பி1, தந்தைக்கு =3*பி1.

சதவீதப் பொறி

ஒரு பொருளை 600 ரூபாய்க்கு விற்றதில் 20 சதவீத லாபம். அடக்க விலை என்ன?

அவசரத்தில் பலரும் 600-ல் 20 சதவீதத்தைக் கழித்து 480 என்பார்கள். ஷீட்டில் போட்டுப் பார்ப்போம். பி1-ல் அடக்க விலை, பி2-ல் லாபம் =பி1*20/100, பி3-ல் விற்ற விலை =பி1+பி2, பி4-ல் வித்தியாசம் =பி3-600. பி1-ல் 480 கொடுத்தால் லாபம் 96, விற்ற விலை 576. 24 ரூபாய் இடிக்கிறது. 500 கொடுத்தால் 0 வரும். லாபச் சதவீதம் அடக்க விலையின் மேல் கணக்கிடப்படுவது. விற்ற விலையின் மேல் அல்ல. ஏ நெட்டு வரிசையில் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

ரயில் கணக்கு

தாம்பரத்திற்கும் செங்கல்பட்டிற்கும் இடையே 30 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊர்களிலிருந்தும் ஒரே நேரத்தில் ரயில்கள் எதிரெதிரே புறப்படுகின்றன. ஒன்றின் வேகம் மணிக்கு 40 கி.மீ., மற்றதன் வேகம் 35 கி.மீ. எப்போது சந்திக்கும்?

பி1-ல் நேரம், பி2-ல் =40*பி1, பி3-ல் =35*பி1, பி4-ல் =பி2+பி3-30. பி1-ல் 0.4 தரும்போது 0 வரும். 0.4 மணி என்றால் 24 நிமிடம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பி1-ல் 0:24 என்று டைப் செய்யாதீர்கள். எக்ஸெல் நேரத்தை ஒரு நாளின் பகுதியாகத்தான் சேமிக்கும். 24 நிமிடம் என்பது அதற்கு ஒரு நாளில் 60-ல் ஒரு பங்கு. விடை எங்கோ போய்விடும். =24/60 என்று தரவும். அதேபோல முக்கால் என்பதற்கு 3/4 என டைப் செய்தால் தேதியாக எடுத்துக்கொள்ளும். =3/4 என்று தரவும்.

கோல் சீக்

எண்களை மாற்றி மாற்றிப் பார்க்கும் வேலையை எக்ஸெல்லே செய்யும். எக்ஸெல் 2007 முதல் டேட்டா டேபில் வாட் இஃப் அனாலிசிஸ் என்பதைக் கிளிக் செய்து கோல் சீக் தேர்ந்தெடுக்கவும். லிப்ரே ஆபீஸில் இது டூல்ஸ் மெனுவில் இருக்கும். முதல் கணக்கிற்கு, முதல் கட்டத்தில் பி5, இரண்டாவதில் 0, மூன்றாவதில் பி1 என்று கொடுத்து ஓகே கிளிக் செய்யவும். விடை சில நேரம் 11.9997 என்பது போல் வரலாம். அருகில் உள்ள முழு எண்ணைப் பி1-ல் கொடுத்துச் சரிபார்க்கவும்.

ஆனால் கோல் சீக்கை முதலிலேயே கிளிக் செய்யும் பழக்கம் வேண்டாம். அது விடையைத் தேடித் தரும். ஃபார்முலாவை எழுதித் தராது. தேர்வில் உங்களிடம் எதிர்பார்ப்பது அந்த இரண்டாவது வேலையைத்தான்.

எப்படிப் பழகுவது?

தேர்வறையில் கம்ப்யூட்டரும் இருக்காது, கால்குலேட்டரும் இருக்காது. எனவே ஷீட்டிலிருந்து தாளுக்குப் படிப்படியாக வர வேண்டும்.

முதல் வாரம்: தினமும் ஐந்து கணக்குகளை மேலே சொன்னபடி ஷீட்டில் போடுங்கள்.

இரண்டாம் வாரம்: ஃபார்முலாக்களை முதலில் தாளில் எழுதுங்கள். பிறகு டைப் செய்து சரிபாருங்கள்.

மூன்றாம் வாரம்: தாளில் மட்டும் போடுங்கள். விடையைப் பி1-ல் கொடுத்து 0 வருகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் கடிகாரம் இருக்கட்டும்.

கணக்குகள் தீர்ந்துவிட்டால், இருப்பதையே மாற்றுங்கள். முதல் கணக்கில் 3 மடங்கை 5 மடங்கு ஆக்கினால் மகனின் வயது 4 என்று வரும். இன்று 4, 20. 12 ஆண்டுகளுக்குப் பின் 16, 32. சரிதானே? இப்படி ஒரே ஷீட்டிலிருந்து பல கணக்குகளை நீங்களே தயாரிக்கலாம். என் தம்பி இப்போது இரண்டாம் வாரத்தில் இருக்கிறான். வயதுக் கணக்கு வந்தால் பக்கத்தைப் புரட்டுவதில்லை; "ஐ" எங்கே என்று தேடி அதன் அடியில் கோடு போடுகிறான்.