வில்லும் வினைஞரும்

நுழையும்முன்

பழங்கருவிகளைத் திரட்டுதல் பொருள் சேர்ப்பது மட்டுமன்று. அவற்றை ஆக்கியவர்களைத் தேடுவதும் ஆகும். கருவியைக் காத்து, ஆக்கியவரை மறந்தால் வரலாற்றில் பாதியே நம் கைக்கு வரும். இவ்வுண்மையை வில்லின் வழியே விளக்குகிறது இப்பாடம்.

நிலைப்பனவும் மறைவனவும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் அம்பத்தூர், ஆவடி ஆகிய புறநகர்களைக் கடந்தால் திருவள்ளூர் வரும். அதற்கு அப்பால், பூண்டிக்கு அருகில் அமைந்த அதிரம்பாக்கத்தில் கற்கருவிகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்னும் ஆய்வு முடிவு 2011ஆம் ஆண்டு வெளியானது. கல் இத்தனை காலம் நிலைக்கும். மரம், மூங்கில், நார், தோல் ஆகியன அவ்வாறு நிலைப்பதில்லை. ஈரமும் கறையானும் அவற்றை அழித்துவிடும்.

வில், இவ்வாறு அழியும் பொருள்களால் ஆனது. ஆதிச்சநல்லூரில் 1899ஆம் ஆண்டு முதல் அலெக்சாண்டர் ரீ மேற்கொண்ட அகழாய்வில் இரும்பு அம்புமுனைகள் கிடைத்தன. அவற்றை எய்த விற்கள் கிடைக்கவில்லை. சேரர் தம் சின்னமாகிய வில்லைக் காசுகளில் பொறித்தனர். செங்கம் பகுதி நடுகற்களில் வில்லேந்திய வீரர்களைக் காண்கிறோம். மாண்ட வீரனின் பெயரை அக்கற்கள் கூறுகின்றன. அவன் ஏந்திய வில்லை வளைத்துக் கொடுத்தவரின் பெயரைக் கூறுவதில்லை.

வில்லின் நுட்பம்

வில்லை வளைக்கும்போது எய்பவரை நோக்கிய பக்கம் அழுந்துகிறது. இலக்கை நோக்கிய பக்கம் இழுபடுகிறது. இவ்விரண்டையும் தாங்கும் மரத்தைத் தேர்வதே வினைஞரின் முதல் திறன். முகலாயர், துருக்கியர் முதலியோர் பயன்படுத்திய கூட்டுவில்லில் நடுவே மரமும், உட்பக்கம் எருமைக்கொம்பும், வெளிப்பக்கம் விலங்கின் தசைநாரும் பசையால் ஒட்டப்பட்டன. கொம்பு அழுத்தத்தைத் தாங்கும். தசைநார் இழுவிசையைத் தாங்கும். ஒட்டிய வில் உலர்ந்து உறுதிபெற ஓராண்டுக்கு மேலும் ஆவதுண்டு.

நாண் கழற்றிய கூட்டுவில் எதிர்ப்புறமாக வளைந்து நிற்கும். இதனை அறியாதவர் அவ்வளைவின் போக்கிலேயே நாணேற்ற முயன்றால் வில் முறிந்துவிடும். செய்முறை அறிவு இல்லையெனில், பழம்பொருளைக் காப்பவரே அதனை அழிப்பவராகவும் நேரும்.

வினைஞரின் குறிகள்

துருக்கிய வினைஞர் பலர் தம் பெயரையும் ஆண்டையும் வில்லில் எழுதினர். எனவே அவற்றைத் திரட்டுவோர், யார் எப்போது செய்தார் என்பதை எளிதில் அறிகின்றனர். இங்கிலாந்தில் 1545ஆம் ஆண்டு மூழ்கிய 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பல் 1982ஆம் ஆண்டு மீட்கப்பட்டது. கடலடிச் சேற்றில் புதைந்திருந்ததால் அக்கப்பலின் 130க்கும் மேற்பட்ட விற்கள் முழுமையாகக் கிடைத்தன. அவற்றுள் பலவற்றில் சிறு கீறல் குறிகள் உள்ளன. அவை வினைஞரின் அடையாளங்கள் எனக் கருதப்படுகின்றன.

தெரியுமா?

'சிலை' என்னும் சொல் வில்லைக் குறிக்கும். வில் செய்வதற்குரிய ஒருவகை மரத்தையும் குறிக்கும். செய்பொருளின் பெயரும் மூலப்பொருளின் பெயரும் இச்சொல்லில் ஒன்றாயின.

இறுதி வினைஞர்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாழ்ந்த யாகி என்னும் தொல்குடியினர், குடியேறியவர்களின் படுகொலைகளால் அழிந்தனர். எஞ்சிய ஒருவர் 1911ஆம் ஆண்டு வெளியுலகிற்கு வந்தார். அவர் இஷி என அழைக்கப்பட்டார். சான்பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கிய அவரிடம் மருத்துவர் சாக்ஸ்டன் போப் நட்புக் கொண்டார். மரத்தைச் செதுக்குதல், தசைநார் ஒட்டுதல், அம்பு செய்தல், எய்தல் ஆகியவற்றைக் கற்றார். 1916ஆம் ஆண்டு இஷி மறைந்தார். தாம் கற்றவற்றைப் போப் 1918ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அந்த நட்பு வாய்த்திராவிடில், இஷியின் விற்கள் செய்முறை தெரியாத காட்சிப்பொருள்களாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

நம் கடமை

போர்வில் தமிழகத்தில் வழக்கொழிந்தது. எனினும் குமரி, நெல்லைப் பகுதிகளில் வில்லுப்பாட்டின் வில் இன்றும் ஒலிக்கிறது. பனைமரத்தைச் சீவி, தோல் நாண் பூட்டி, மணிகள் கட்டி அதனை உருவாக்குவர். பாடும் புலவரை நாம் அறிவோம். வில்லைச் செய்தவரைக் கேட்டறிவது அரிது. பறை, உடுக்கை, ஏர், தறி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். பழைய கருவி ஒன்று கிடைத்தால் அதன் நீளம், மரம், கிடைத்த ஊர், பயன்படுத்தியவர் ஆகியவற்றோடு செய்தவரின் பெயரையும் எழுதி வைத்தல் வேண்டும். நடுகல்லில் விடுபட்ட பெயர்களை இனி மீட்க இயலாது. இன்று வாழும் வினைஞரின் பெயர்கள் விடுபடாமல் காக்க இயலும்.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதியில் கைவினைக்கருவி செய்பவர் ஒருவரைச் சந்தித்து, அவர் தொழில் கற்ற முறையையும் பயன்படுத்தும் கலைச்சொற்களையும் தொகுத்து வகுப்பறையில் வழங்குக.