வைரஸுக்கு வாட்ச்மேன் யாரு?

ஃபைனல் இயர் புராஜெக்ட் ஆரம்பிக்கணும்னா என்ன நடக்கும்? தலைப்பை கைடு பார்ப்பார், ஹெச்.ஓ.டி. கையெழுத்துப் போடுவார், அப்புறம்தான் உங்க கையில் லேப் சாவி. ஆனா, உலகையே உலுக்கிய ஒரு வைரஸ் ஆராய்ச்சியில் ‘இதைச் செய்யலாமா?’ங்கிற கேள்வி பெரிசா வெடிச்சது எப்போ தெரியுமா? எல்லாம் முடிந்து, கட்டுரை எழுதி, பத்திரிகைக்கு அனுப்பிய பிறகு!

2011-ல் நடந்த மேட்டர் இது. நெதர்லாந்தில், ராட்டர்டாமின் எராஸ்மஸ் மருத்துவ மையத்தில் ரான் ஃபூஷியே. அமெரிக்காவில், விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் யோஷிஹிரோ கவோகா. இரண்டு பேருக்கும் பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம், சுருக்கமா என்.ஐ.எச். இருவரும் கையில் எடுத்தது ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ். பேரைக் கேட்டாலே நாமக்கல் கோழிப்பண்ணைக்காரங்க வயிற்றில் புளியைக் கரைக்குமே, அதேதான். மனுஷங்களுக்கு வந்ததாக அதுவரை உறுதியான கேஸ்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. ஒரே ஆறுதல், மனுஷனிடமிருந்து மனுஷனுக்கு அது லேசில் தொற்றாது.

‘தொற்ற ஆரம்பிக்க இந்த வைரஸுக்கு இன்னும் என்ன தேவை?’ - இதுதான் இருவரின் கேள்வி. ஃபூஷியே, வைரஸின் மரபணுவில் சில மாற்றங்களைச் செய்து ஃபெரட்களுக்குக் கொடுத்தார். ஃபெரட்னா, பார்க்க நம்ம கீரிப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். ஃப்ளூ வந்தால் நம்மைப் போலவே தும்மும். ஒன்றின் மூக்கிலிருந்து எடுத்து அடுத்ததுக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததுக்கு... இப்படிப் பத்து முறை. கடைசியில், பக்கத்துக் கூண்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஃபெரட்டுக்கும் காற்று வழியாகவே ஒட்டிக்கொண்டது! (அப்படிக் காற்றில் தொற்றிய ஃபெரட்கள் சாகவில்லை. அன்றைய தலைப்புச் செய்திகள் பலவும் இதைச் சொல்ல மறந்துவிட்டன.)

எதுக்கு இந்த விபரீத விளையாட்டுன்னு கேட்கிறீங்களா? எந்த மாற்றம் வந்தால் ஆபத்து என்று முன்பே தெரிந்தால் பண்ணைகளில் அதைத் தேடலாம், தடுப்பூசிக்குத் தயாராகலாம் என்றார்கள் விஞ்ஞானிகள். தள்ளிவிட முடியாத வாதம்தான். ‘லேபைவிட்டு வெளியே வந்துட்டா?’ என்ற எதிர்க்கேள்வியும் அப்படியே.

அமெரிக்க அரசின் உயிரிப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு, செய்முறையை நீக்கிவிட்டு கட்டுரைகளை வெளியிடச் சொன்னது. இது 2011 டிசம்பரில். அடுத்த மாசமே, ஃப்ளூ விஞ்ஞானிகள் தாங்களாக முன்வந்து இந்த வகை ஆராய்ச்சியை 60 நாள் நிறுத்தினார்கள். அந்த 60 நாள் ஒரு வருஷமாக இழுத்தது. மார்ச்சில், திருத்திய கட்டுரைகளைப் படித்த அதே குழு ‘முழுசா போடலாம்’ என்று மனசு மாறியது. கவோகாவுக்கு எல்லோரும் ஓகே. ஃபூஷியேவுக்கு 12-க்கு 6 என்று ஓட்டு. நெதர்லாந்து அரசோ இன்னும் ஒரு படி மேலே போய், ‘கட்டுரையை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏற்றுமதி லைசென்ஸ் வாங்கு’ என்றது. திருப்பூர் பனியனுக்குக் கேட்டால் புரியும்... ஆராய்ச்சிக் கட்டுரைக்கு! முனகிக்கொண்டே வாங்கினார் மனுஷன். 2012-ல் இரண்டு கட்டுரையும் வெளிவந்தன.

கவனிச்சீங்களா? குழு, ஓட்டு, லைசென்ஸ் எல்லாமே வைரஸ் ரெடியாகி ஃப்ரீசரில் உட்கார்ந்த பிறகு!

‘அமெரிக்க லேப்னா பக்காவா இருக்கும் பாஸ்’ என்பவர்களுக்கு 2014-ஐ ஞாபகப்படுத்தணும். ஜூன் மாசம், அட்லாண்டாவில் அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யில், செத்துவிட்டதாக நினைத்து ஆந்த்ராக்ஸ் கிருமியை வேறு லேபுக்கு மாற்றினார்கள். அது சாகவில்லையோ என்று சந்தேகம் வந்து, சுமார் 75 ஊழியர்கள் கண்காணிப்புக்குப் போனார்கள். நல்லவேளை, யாருக்கும் நோய் வரவில்லை. ஜூலை முதல் தேதி, என்.ஐ.எச். வளாகத்தில் ஒரு குளிர் அறையைக் காலி செய்தபோது பழைய அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே, 1950-களில் வைத்த பெரியம்மைக் குப்பிகள்! உலகத்திலேயே சி.டி.சி.யிலும் ரஷ்யாவில் ஒரு லேபிலும் மட்டும்தான் அந்த வைரஸ் இருக்கலாம் என்பது சர்வதேச ஒப்பந்தம். சோதித்தபோது இரண்டு குப்பிகளில் வைரஸ் உயிரோடு இருந்தது. அதே வருஷம், சாதுவான ஒரு ஃப்ளூ வைரஸை சி.டி.சி. வேறொரு அரசு லேபுக்கு அனுப்ப, அங்கே கோழிகள் வரிசையாகச் செத்தன. பார்த்தால், பார்சலில் ஹெச்5என்1-உம் கலந்திருந்தது. மே மாசமே தெரிந்த இந்த விஷயம் சி.டி.சி. தலைவர் காதுக்குப் போனது ஜூலையில்!

அந்த அக்டோபரில் வெள்ளை மாளிகை பிரேக் போட்டது. ஃப்ளூ, சார்ஸ், மெர்ஸ் வைரஸ்களை இன்னும் வீரியமாக்கக்கூடிய ஆராய்ச்சிகளுக்கு நிதி நிறுத்தம். 18 புராஜெக்ட்டுகள் மாட்டின. சிலவற்றுக்குப் பிறகு விலக்கு கிடைத்தது. 2017 டிசம்பரில் தடையை நீக்கி, புது ஏற்பாடு வந்தது. இனி ஒரு நிபுணர் குழு, பணம் போவதற்கு முன்பே அலசும். சூப்பர்னு கை தட்டத் தோணுதில்லே? பொறுங்க. குழுவில் யார் யார்? சொல்லவில்லை. எதை அனுமதித்தார்கள்? அதையும் அவர்களாகச் சொல்லவில்லை. ஃபூஷியே, கவோகா ஆராய்ச்சிகளுக்கே மறுபடி பச்சைக்கொடி காட்டியது 2019-ல் பத்திரிகைச் செய்தியாகத்தான் வெளியே வந்தது. எனக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. எந்த விண்ணப்பம் குழுவுக்குப் போகணும் என்று தேர்ந்தெடுத்ததே பணம் கொடுத்த நிறுவனம்தான். முதல் சில வருஷத்தில் போன புராஜெக்ட்டுகளை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். தவிர, அந்தத் துறையின் பணம் வாங்காமல், தனியார் காசில் செய்தவர்களை அந்தக் குழு கேள்வியே கேட்கவில்லை.

எக்கோஹெல்த் அலையன்ஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். என்.ஐ.எச். பணத்தில் சுமார் 6 லட்சம் டாலரை வூஹான் ஆய்வகத்துக்குப் பிரித்துக் கொடுத்த நியூயார்க் அமைப்பு. கொரோனா எங்கிருந்து வந்தது என்ற பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. அந்த நிதியில் ஆராய்ந்த வைரஸ்கள் கோவிட் வைரஸாகியிருக்க வாய்ப்பே இல்லை என்றது என்.ஐ.எச். அது ஒரு பக்கம் இருக்கட்டும். 2019 செப்டம்பரில் தரவேண்டிய முன்னேற்ற அறிக்கையை எக்கோஹெல்த் கொடுத்தது 2021 ஆகஸ்ட்டில். ரெக்கார்ட் நோட் ஒரு வாரம் லேட்டானாலே நம்மை வெளியே நிறுத்துவாங்க! என்.ஐ.எச்.சும் விரட்டிக் கேட்கவில்லை. இரண்டு தரப்புமே சரியாகக் கண்காணிக்கவில்லை என்று 2023 ஜனவரியில் சொன்னது, அரசின் சொந்தத் தணிக்கை அறிக்கை. எக்கோஹெல்த் குற்றச்சாட்டுகளை மறுத்தது. ஆனாலும் 2024 மே மாதம் நிதி நிறுத்தம், 2025 ஜனவரியில் 5 வருஷத் தடை.

அங்கே பி.எச்டி.க்கு அப்ளிகேஷன் போடும் மைக்ரோபயாலஜி மக்களே, இது உங்களுக்கு. 2024 மே மாதம் வெள்ளை மாளிகை புது விதி கொண்டுவந்தது. ஆராய்ச்சியை நடத்தும் விஞ்ஞானியே ‘இதில் ஆபத்து உண்டா?’ என்று முதலில் பரிசோதித்துச் சொல்லணும், அப்புறம் பல்கலைக்கழகம், அப்புறம் நிதி தரும் துறை. தயாராக ஒரு வருஷம் டைம். அமலுக்கு வர வேண்டிய நாள் 2025 மே 6.

மே 5-ஆம் தேதி அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். சீனா, ஈரான் போன்ற நாடுகளில் இந்த வகை ஆராய்ச்சிக்கு அமெரிக்கப் பணம் கிடையாது. அந்த 2024 விதியையும் 120 நாளுக்குள் திருத்தி எழுதணும், இல்லேன்னா மாற்றணும்.

ஒரு வருஷமா ஃபாரம் அடித்து, மீட்டிங் போட்டு, ட்ரெயினிங் கொடுத்து முடித்த பல்கலைக்கழக ஆபீஸ்காரர்களின் முகத்தை அன்னிக்கு யாராவது போட்டோ எடுத்திருக்கணும்!