டிக்கெட் இல்லாத மைதானத்தில் நஷ்டம் யாருக்கு?

2020 ஐ.பி.எல் நினைவிருக்கிறதா? துபாய், அபுதாபி, ஷார்ஜா என்று காலி கேலரிகளுக்கு முன்னால் ஆடினார்கள். டி.வி-யில் நாம் கேட்ட ஆரவாரம்கூட ரெக்கார்டு செய்ததுதான். ஆனாலும் போட்டி முழுசாக நடந்து முடிந்தது. காரணம், டி.வி உரிமைப் பணம்.

டி.வி-யும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது என்றால்? ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் கல்லூரி மைதானங்களின் கதை அதுதான்.

அமெரிக்காவின் கணக்கு

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு பெரிய பிசினஸ். கால்பந்து, கூடைப்பந்து போட்டிகளின் டிக்கெட்டும் டி.வி பணமும்தான் நீச்சல், மல்யுத்தம் போன்ற மற்ற விளையாட்டுகளுக்கும் சோறு போடுகின்றன. 2020 மார்ச்சில் தேசிய அளவிலான கூடைப்பந்துத் தொடர் ரத்தானது. பெரிய கல்லூரிகளுக்கு அங்குள்ள விளையாட்டு அமைப்பு பிரித்துக் கொடுக்க வேண்டிய 600 மில்லியன் டாலர், 225 மில்லியனாகச் சுருங்கியது. பணக்காரப் பல்கலைக்கழகமான ஸ்டான்ஃபோர்டே 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. முன்னாள் மாணவர்கள் கொதித்தெழுந்து போராடிய பிறகு, 2021 மே மாதம் அந்த முடிவைக் கைவிட்டது.

நம்ம ஊர் கணக்கு

நம் கல்லூரி மேட்சுக்கு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. ஹாஸ்டல் பசங்க வந்து விசிலடிப்பார்கள், அவ்வளவுதான். கேலரி காலியானதால் கல்லாவில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அடி வேறு இரண்டு பக்கங்களிலிருந்து விழுந்தது.

முதலாவது, ஃபீஸ். விளையாட்டுச் செலவில் பெரும்பகுதி மாணவர்கள் கட்டும் கட்டணத்திலிருந்தே வருகிறது. ஊரடங்கில் பெற்றோருக்கு வருமானம் நின்றது. ஃபீஸ் கேட்டு நெருக்கக் கூடாது என்று 2020 ஏப்ரலில் ஏ.ஐ.சி.டி.இ-யும் சொன்னது. பணம் குறைந்தால் எந்த நிர்வாகமும் முதலில் கை வைப்பது, 'இப்போதைக்கு அவசரமில்லை' என்று தோன்றும் செலவில்தான்.

இரண்டாவது, ஸ்பான்சர். கோப்பை, ஜெர்சி, வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு என்று டோர்னமென்ட் செலவுக்கு அக்கம்பக்கத்து கம்பெனிகளிடம் கேட்பது வழக்கம். இத்தனை பெரிய ஆலைகள் சுற்றி இருக்கும்போது, சி.எஸ்.ஆர் பணம் கிடைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள், முந்தைய 3 வருட சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். விளையாட்டுப் பயிற்சி அதில் சேரும். ஆனால், மாரத்தான் போல ஒரு முறை நடந்து முடிகிற நிகழ்ச்சிகள் சேராது என்று 2014-லேயே மத்திய அரசு தெளிவுபடுத்திவிட்டது. 2020 மார்ச்சில், கொரோனா நிவாரணச் செலவும் இந்தக் கணக்கில் சேரும் என்ற அறிவிப்பு வந்தது. அந்த நேரத்தில் கபடிக் கோப்பைக்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்?

கார் வந்தது, கால்பந்து வரவில்லை

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை 2020 மே 8-ல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. கல்லூரிகளோ மார்ச் 17 முதல் மூடிக் கிடந்தன. இளநிலை இறுதியாண்டு மாணவர்கள் டிசம்பர் 7-ல்தான் உள்ளே வந்தார்கள். மற்றவர்கள் 2021 பிப்ரவரியில். அடுத்து இரண்டாம் அலை. மறுபடி வகுப்பறை திறந்தது 2021 செப்டம்பர் 1-ல்.

2019-ல் பி.காம் சேர்ந்த ஒரு வாலிபால் வீராங்கனையை நினைத்துப் பாருங்கள். முதல் வருடம் அவர் ஜூனியர், பெரும்பாலும் பெஞ்ச். அணியில் நிலையான இடம் கிடைக்க வேண்டிய இரண்டாம் வருடம் மொத்தமாகப் போயிற்று. மூன்றாம் வருடத்தின் தொடக்கமும் போயிற்று. தேசிய அளவில் முதலாவது கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் 2020 பிப்ரவரியில் புவனேஸ்வரில் தொடங்கின. அடுத்தது பெங்களூரில் நடந்தது 2022 ஏப்ரலில்தான்.

இதில் போனது கோப்பை மட்டுமல்ல, சர்டிஃபிகேட்டும்தான். அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால், ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு அது தகுதியாகிறது. தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு உண்டு. கூலி வேலை செய்யும் அப்பாவின் பிள்ளைக்கு அந்த ஒரு தாள்தான் நிரந்தர வேலைக்கான வழி. நடக்காத போட்டிக்கு யாரும் சர்டிஃபிகேட் தர முடியாது.

மேட்சுக்கு இவ்வளவு என்று வாங்கும் நடுவர்கள், பகுதி நேரக் கோச்கள், ஜெர்சி தைத்துக் கொடுப்பவர்கள் என்று வருமானம் இழந்தவர்கள் இன்னும் பலர். மைதானம் மட்டும் சும்மா இருந்தாலும் செலவு வைக்கும். உருட்டாத பிட்ச் வெடிக்கும், வெட்டாத புல் புதராகும்.

நாம் என்ன செய்யலாம்?

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது லேப், பிளேஸ்மென்ட் பற்றியெல்லாம் கேட்கிறோம். கூடவே இரண்டு கேள்விகள் கேட்போம். விளையாட்டுக்கு என்று வாங்கும் கட்டணம் விளையாட்டுக்கே போகிறதா? நெருக்கடி வந்தால் எடுத்துக்கொள்ள அதில் ஒரு பங்கு தனியாக இருக்கிறதா?

முன்னாள் மாணவர்களும் கேட்கலாம். ஸ்டான்ஃபோர்டில் 11 விளையாட்டுகள் பிழைத்ததில் அவர்கள் போட்ட சத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கம்பெனிகளிடம் போகும்போதும், ஒரு நாள் கோப்பைக்குப் பதிலாக வருடம் முழுக்க நடக்கும் பயிற்சிக்கு உதவி கேட்டால், சி.எஸ்.ஆர் கதவு திறக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த நெருக்கடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது இரண்டாம் வருடத்தில் ஒரு வாலிபால் வீராங்கனை நிச்சயம் இருப்பார்.