எந்தத் தண்ணீரில் தூண்டில் போடுவது?

எல்லையோரக் குறிப்புகள் – 17

ஓசூரில் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களில் தகப்பனாருக்கும் குழந்தைக்கும் ஒரே நாளில் விடுமுறை வாய்ப்பது, பஞ்சாங்கத்தில் எப்போதோ ஒரு முறை கூடிவருகிற யோகத்தைப் போன்றது. பள்ளிக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆலைக்கு அப்படி ஒரு நியதி கிடையாது. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று சுழல்கிற வேலையில் வார விடுப்பு செவ்வாயிலும் விழும், வியாழனிலும் விழும். ஆகையால், சிப்காட்டில் வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவர், அடுத்த மாதம் தமக்கு ஒரு ஞாயிறு ஓய்வாக அமைகிறதென்றும், அன்று தம் ஒன்பது வயது மகளைத் தூண்டில் போட அழைத்துச் செல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொல்லி, எங்கே போகலாம் என்று என்னிடம் அபிப்பிராயம் கேட்டபோது, வாய்க்கு வந்த ஓர் ஊரின் பெயரைச் சொல்லி அவரை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் தஞ்சாவூர் ஜில்லாக்காரர். கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால் ஓடுகிற கிராமத்தில் பிறந்தவராதலால், மீன் பிடிக்க எங்கே போவது என்ற கேள்வியே அவருடைய பால்யத்தில் எழுந்திராது. அவர் மகளோ, தண்ணீர் என்பது டேங்கர் லாரியில் வருகிற வஸ்து என்று அறிந்து மூன்றாம் மாடியில் வளர்கிறவள்.

இந்தப் பிராந்தியத்தில் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்கிறவர் யாராயிருந்தாலும் முதலில் காவேரியைத்தான் சொல்வார். அதற்கு நியாயமான காரணமும் உண்டு. அஞ்செட்டிக் காடுகளுக்கு அப்பால், மேகேதாட்டுவிலிருந்து ராசிமணல், பிலிகுண்டு வழியாக ஒகேனக்கல் வரையில் பாறைகளைக் குடைந்துகொண்டு பாய்கிற அந்த நதிப் பகுதியும், அதற்கு மேலே கர்நாடகத்துப் பகுதியும், உலகத்துத் தூண்டில்காரர்களெல்லாம் ஒரு காலத்தில் கனவு கண்ட ஸ்தலங்கள். அங்கே வாழ்கிற திமில் மகசீர் என்ற மீன், கெண்டை இனத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், ஓர் ஆளின் எடைக்கு வளரக்கூடியது. காவேரியின் உபநதியான கபினியில், மைசூரில் வேட்டை மிருகங்களைப் பாடம் செய்வதில் பேர்பெற்ற வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் 1946-ம் வருஷம் பிடித்த மகசீரின் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. அதன்பின் அந்த மீனே அழிந்துபோயிற்று என்று பலரும் எண்ணியிருக்க, 1970-களின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து வந்த மூன்று வாலிபர்கள் காவேரியில் பெரிய பெரிய மகசீர்களைப் பிடித்துக் காட்டினார்கள். அதைத் தொடர்ந்து பீமேஸ்வரி, கலிபோரே முதலிய இடங்களில் முகாம்கள் ஏற்பட்டன. சீமையிலிருந்து வருகிறவர்கள் நாட்கணக்கில் தங்கி, பிடித்த மீனை எடை போட்டு, படம் எடுத்துக்கொண்டு, மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. முன்பு வெடி வைத்து மீன்களைக் கொன்றுகொண்டிருந்த கிராமத்தார் சிலருக்கு அதே முகாம்களில் காவல் வேலையும் வழிகாட்டி வேலையும் கிடைத்தன. திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்த அந்த ஏற்பாடு, வெகு காலம் நன்றாகவே நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையாடுவதாகவே ஆகும் என்று 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வியாக்கியானம் ஏற்பட்டு, 2012 வாக்கில் அந்த முகாம்களில் தூண்டில் நின்றுபோயிற்று. நம் பக்கத்திலும் 2014-ல் கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்களின் காடுகளில் 500 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. திமில் மகசீருக்குத் திட்டமான விஞ்ஞானப் பெயர் உறுதிப்பட்டதே 2018-ல்தான். அந்த வருஷத்திலேயே அது அழிவின் விளிம்பில் நிற்கிற உயிரினங்களின் சர்வதேசப் பட்டியலிலும் ஏறியது. தூண்டில்காரர்கள் போனபின் ஆற்றைக் கவனிக்கக் கண்கள் குறைந்துவிட்டன என்று வாதிப்போரும் உண்டு. அந்த வாதத்தில் சாரம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது என்றாலும், ஒன்பது வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கல்ல அது. சட்டம் அனுமதித்திருந்தால்கூட நான் அவளை அங்கே அனுப்பமாட்டேன். மகசீருக்குத் தூண்டில் போடுவது ஒரு மீனுக்காக நாள் முழுவதும் பாறைமேல் தவமிருக்கிற காரியம். அந்தப் பொறுமை நாற்பது வயதில் வரலாம், சிலருக்கு அப்போதும் வருவதில்லை. ஒகேனக்கல்லுக்குப் போனால் பரிசலில் ஏறலாம், எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம், வறுத்த மீன் வாங்கித் தின்னலாம். முதலைகளுக்கென்று அங்கே ஒரு மறுவாழ்வு மையமே இருப்பதைக் குழந்தைக்குக் காட்டிவிட்டால், ஆற்றோரத்தில் கால் நனைத்து உட்கார்ந்து தூண்டில் போடுகிற ஆசை தானாகவே அடங்கிவிடும்.

அடுத்தபடியாக, வீட்டுக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது கெலவரப்பள்ளி அணை. தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தில் நந்தி மலையருகே பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறத்தைத் தொட்டுக்கொண்டு, கொடியாளத்துக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்தவுடன் முதன்முதலாகத் தேங்குகிற இடம் அது. தேங்குகிறது என்றேனே ஒழிய, எது தேங்குகிறது என்பதை மழைக்காலத்தில் மதகு திறக்கும்போது போய்ப் பார்ப்பவர்களே அறிவார்கள். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவெல்லாம் இந்த ஆற்றில்தான் வந்து சேருகிறது. மதகுக்குக் கீழே தண்ணீர் விழுந்து எழும்புகிற நுரை, தரைப்பாலத்தை மூடி, காற்றடித்தால் கட்டிகட்டியாகப் பிய்ந்து பறந்து, பக்கத்து வயல்களில் போய் உட்காரும். அந்த நுரையைக் கையில் அள்ளி விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், வயிறு கலங்கும். அணையில் மீன் இருக்கிறது, பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் குழந்தை தன் கையால் பிடித்த முதல் மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கச் சொல்லும். அப்போது தின்னாதே என்று தடுக்க வேண்டிய தண்ணீருக்கு அதை அழைத்துப் போவதில் அர்த்தமில்லை. இன்னொன்றும் உண்டு. ராகி அறுவடையாகும் பருவத்தில் பன்னார்கட்டா பக்கத்திலிருந்து கூட்டமாக வருகிற யானைகள் சானமாவுக் காட்டில் முகாம் போட்டுவிட்டு, தண்ணீருக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் இறங்குவது வழக்கம். மீன் நன்றாகக் கடிக்கிற விடியற்காலையும் அந்தி வேளையுமே யானை இறங்குகிற வேளையும் ஆகும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஏரிகளுக்கும் இந்த ஆட்சேபணை பொருந்தும்.

இதே தென்பெண்ணை ஆறு, மலைமேட்டிலிருந்து இறங்கிக் கிருஷ்ணகிரிக்கு வந்ததும் மறுபடியும் தேங்குகிறது. காமராஜர் முதலமைச்சராயிருந்த நாளில் கட்டப்பட்ட அந்த அணைக்கு நீர்மட்டம் 52 அடி. 2017 நவம்பரில் அதன் மதகு ஒன்று உடைந்து, தேக்கிவைத்திருந்த தண்ணீர் வீணாய்ப் போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பூங்காவும் நிழலும் அங்கே தாராளம். வாசலில் வரிசையாக இருக்கிற கடைகளில், மிளகாய்ப்பொடி தடவிக் கல்லில் போட்டு எடுக்கிற கட்லாத் துண்டின் வாசனை சாலைவரையில் வந்து வண்டியை நிறுத்தும். குடும்பத்தோடு போய்வர அதைவிடச் சௌகரியமான இடத்தை இந்த ஜில்லாவில் காட்டுவது கடினம். தூண்டிலுக்கு மாத்திரம் அது ஏற்றதல்ல. மீன்குஞ்சு விட்டு வளர்த்து, உரிமம் பெற்றவர்கள் வலைவீசிப் பிடிக்கிற நீர்த்தேக்கத்தில் வெளியார் கழி நீட்டிக்கொண்டு நிற்பது முறையாகாது. கரையும் சட்டென்று ஆழத்துக்கு இறங்குகிறது. மழைநாளில் மேலே தண்ணீர் திறந்தால், ஐந்து ஜில்லாக்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுகிற ஆறு இது.

ஆக, பெரிய தண்ணீர்களையெல்லாம் கழித்துவிட்ட பிறகு மிஞ்சுகிறவை ஏரிகள். குழந்தையோடு போகிறவர் விசாரிக்க வேண்டியது எவ்வளவு பெரிய மீன் கிடைக்கும் என்பதையல்ல, அரைமணி நேரத்துக்குள் தக்கை எத்தனை முறை ஆடும் என்பதையே என்பது என் அபிப்பிராயம். அந்தக் கணக்குப்படி பார்த்தால், ஜிலேபிக் கெண்டைக்கு இணையான மீன் வேறொன்று கிடையாது. 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த அந்நிய மீன், விட்ட இடத்திலெல்லாம் பெருகி, நாட்டு மீன்களின் ஆகாரத்தையும் இடத்தையும் பிடுங்கிக்கொண்டது என்று மீன்நூல் வல்லுநர்கள் அதைச் சபிக்கிறார்கள். அவர்கள் சபிப்பது நியாயமே. ஆயினும், மண்புழு, பிசைந்த மாவு, பரோட்டாத் துணுக்கு என்று எதைக் கோத்தாலும் வாங்கிக்கொள்கிற இந்தப் பேராசைக்கார மீன் இல்லையென்றால், இந்தக் காலத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு மீனையும் தம் கையால் தொட்டறியாமலே வளர்ந்துவிடுவார்கள். கரையோரத்து ஆழமற்ற தண்ணீரில், சேற்றிலே தட்டுத் தட்டாகக் குழிகள் தெரிந்தால், அவை ஆண் மீன் தோண்டிய முட்டைக் குழிகள். பெண் மீன் அங்கே முட்டையிட்டவுடன் அவற்றைத் தன் வாயில் வாங்கிக்கொண்டு, குஞ்சு பொரிக்கும் வரையில் வாயிலேயே வைத்துக் காக்கிறது. மீன் ஒன்றுகூடக் கிடைக்காத நாளிலும் இந்தக் குழிகளைக் காட்டி ஒரு மணி நேரம் கதை சொல்லலாம்.

சூளகிரிப் பக்கத்து ஏரி ஒன்றில் சென்ற கோடையில் ஒரு தகப்பனாரையும் மகனையும் கவனித்துக்கொண்டிருந்தேன். மூங்கில் கழி, நைலான் நரம்பு, தேய்ந்த ரப்பர்ச் செருப்பிலிருந்து அறுத்த தக்கை, ஒரு சிறு முள். இவ்வளவுதான் அவர்களுடைய சாதனங்கள். பையன் தக்கை அசைந்தபோதெல்லாம் கழியை வெடுக்கென்று தூக்கினான். வெறும் முள்தான் வந்தது. "ஆடறப்ப இழுக்காதே சாமி, முங்கறப்ப இழு" என்று தகப்பனார் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் கரைமேல் சைக்கிளில் வந்த காவல்காரர், "யாருங்க அது? குத்தகைத் தண்ணிங்க இது" என்று குரல் கொடுக்க, இவர் எழுந்து, மடித்த லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, "ஒத்தைக் கழிதாங்கண்ணா, புள்ளைக்கு வெளையாட்டு காட்டலாம்னு" என்றார். காவல்காரர் பையனையும் அவன் பக்கத்திலிருந்த காலி டப்பாவையும் ஒரு நிமிஷம் பார்த்தார். "கழி போட்டுக்குங்க, வலை கிலை வேணாம். அந்தப் பக்கம் போடுங்க, இங்க வெறும் பாசி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்த சிறிது நேரத்துக்கெல்லாம் தக்கை முங்கியது. வந்தது ஜிலேபியல்ல, விரல் நீளத்துக் கெளுத்தி. பையன் பாய்ந்து பிடிக்கப் போனான்; தகப்பனார் அவன் கையைத் தட்டிவிட்டு, மீனின் தலைக்குப் பின்னால் இரண்டு விரல்களைக் கொடுத்து, பக்கத்து முட்கள் விரலிடுக்கில் விறைத்து நிற்கும்படி பிடித்துக் காட்டினார். கெளுத்தி முள் குத்தினால் சாயந்தரம் வரையில் கடுக்கும்.

ஏரிகளில் மீன்பாசி குத்தகை ஏலத்தில் விடப்படுகிறது என்பதையும், எடுத்தவர் பணம் கட்டிக் குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார் என்பதையும் நகரத்திலிருந்து போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொண்டு, கேட்டுவிட்டுத் தூண்டில் போட்டால், அநேகமாக யாரும் மறுப்பதில்லை. குழந்தை கூட இருந்தால் நிச்சயமாக மறுப்பதில்லை.

நண்பருக்கு நான் முடிவாகச் சொன்ன இடம், காவேரிப்பட்டணத்துக்கு அப்பால் போச்சம்பள்ளிப் பக்கத்திலிருக்கும் பாரூர்ப் பெரிய ஏரி. ஓசூரிலிருந்து இரண்டு மணி நேரப் பிரயாணம் என்பது ஒரு குறைதான். ஆனால் ஓசூர் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியோ அதில் பாதி உயரந்தான். குளிர் தட்டினால் ஜிலேபிக் கெண்டை மந்தப்பட்டு ஆகாரத்தில் சிரத்தை இழந்துவிடும் சுபாவம் உள்ளதாகையால், மார்கழி, தை மாதங்களில் மேட்டு ஏரிகளைவிட இறக்கத்து ஏரிகளில் அது நன்றாகக் கடிக்கும். தென்பெண்ணையின் தண்ணீர்தான் அங்கேயும் வருகிறது. கெலவரப்பள்ளியிலிருந்து வெகு தூரம் ஓடி, கிருஷ்ணகிரி அணையில் தங்கித் தெளிந்து, நெடுங்கல் அணைக்கட்டில் திரும்பிக் கால்வாய் வழியாக வருவதால், அதன் குணம் ஓரளவு மாறிவிடுகிறது. கரை விசாலமானது, வெயில் ஏறினால் ஒதுங்க மரமும் உண்டு. மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் பாரூரில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மீன்குஞ்சு வளர்கிற தொட்டிகளைக் காட்ட விரும்புகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாட்களில் மழை பெய்து, கால்வாயில் புதுத் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி வந்துகொண்டிருந்தால், மீன் இரையைப் பார்க்கவும் பார்க்காது, குழந்தை கரையில் வழுக்காமல் நிற்கவும் முடியாது. அப்படியானால் கழியை வண்டியைவிட்டு இறக்காமலே போச்சம்பள்ளிக்குப் போய்விடும்படி சொல்லியிருக்கிறேன். அங்கே வாரச் சந்தை கூடுவது ஞாயிற்றுக்கிழமையில்தான்.

(தொடரும்)