கைக்குள் கணினி – 9: ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஓர் அட்டை

சென்ற வாரம் பாம் பைலட்டின் கதையைப் பார்த்தோம். 1996-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அந்தக் கருவி யாருக்காகச் செய்யப்பட்டது என்பதில் குழப்பமே இல்லை. நாள் முழுக்கச் சந்திப்புகள் உள்ளவர், மேசையில் ஏற்கெனவே ஒரு கணினி வைத்திருப்பவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர். இந்த மூன்றும் இல்லாத ஒருவருக்குக் கையடக்கக் கணினி எதற்கு? அவருக்கென்று ஒன்றைச் செய்தால் அது எப்படி இருக்க வேண்டும்? பாம் பைலட் வந்த இரண்டே ஆண்டுகளில் பெங்களூரில் சிலர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் கண்ட விடைதான் சிம்ப்யூட்டர்.

எழுவர் அறக்கட்டளை

வளரும் நாடுகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் எப்படிப் பயன்படும் என்று ஆராய 1998-இல் பெங்களூரில் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்தது. எளிய மக்களுக்கான மலிவான கணினி என்ற எண்ணம் அங்கே உருவெடுத்தது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய நால்வரும், என்கோர் என்ற பெங்களூர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே உள்ளிட்ட மூவரும் சேர்ந்து 1999-இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை அமைத்தார்கள். லாபம் பார்ப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை. வடிவமைப்பை முடித்து, தயாரிக்க முன்வரும் நிறுவனங்களுக்கு உரிமம் தருவது மட்டுமே அதன் வேலை.

அந்த உரிமத்திலும் ஒரு புதுமை இருந்தது. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் விதியை வன்பொருளுக்கும் கொண்டுவந்தார்கள். வடிவமைப்பை எடுத்துக்கொள்ளலாம், மேம்படுத்தலாம், விற்றுச் சம்பாதிக்கவும் செய்யலாம். ஆனால் செய்த மேம்பாட்டைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒருவர் கண்டுபிடித்தது எல்லோருக்கும் போய்ச் சேரும்.

2001 ஏப்ரலில் முன்மாதிரி வெளியானது. உள்ளங்கையில் அடங்கும் உடல், 320-க்கு 240 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் தொடுதிரை, 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, 32 மெகாபைட் நினைவகம், லினக்ஸ் இயங்குதளம். இதே வகைச் செயலியோடு அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் வந்த காம்பாக் ஐபேக்கின் விலை ஏறத்தாழ 500 டாலர். சிம்ப்யூட்டரை 200 டாலருக்கு, அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 9,000 ரூபாய்க்குத் தர வேண்டும் என்பது இலக்கு.

மில் பொது, தானியம் நமது

கூலிக்குப் போகும் ஒருவருக்கு 9,000 ரூபாய் பெரும் பணம். வடிவமைத்தவர்களுக்கும் இது தெரியும். எனவே அந்தப் பணத்தை ஒரே ஆள் கொடுக்க வேண்டியதில்லை என்ற இடத்திலிருந்து தொடங்கினார்கள். கருவியின் ஓரத்தில் ஸ்மார்ட் கார்டு செருகும் வசதி வைத்தார்கள். பஞ்சாயத்து அலுவலகமோ, பள்ளியோ, தபால்காரரோ, பெட்டிக்கடைக்காரரோ ஒரு சிம்ப்யூட்டரை வாங்கி வைத்திருப்பார். ஊர்க்காரர் ஒவ்வொருவரிடமும் அவரவர் அட்டை இருக்கும். அட்டையைச் செருகினால் அது அவருடைய கணினி. எடுத்துவிட்டால் அடுத்தவருடையது. ஊரில் மாவு மில் ஒன்றுதான், அரைக்கக் கொண்டுபோகும் தானியம் மட்டும் அவரவர் வீட்டுடையது அல்லவா? அதே ஏற்பாடு. விலையைக் குறைக்க உலகமே சில்லைச் சுருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரே கருவியைப் பலர் கைமாற்றும்படி வடிவமைத்தார்கள் இவர்கள். கையடக்கக் கணினிகளின் வரலாற்றில் இதற்கு இணையான துணிச்சலான யோசனை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தடை எழுத்து. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏழு வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 65 விழுக்காடு. மீதிப் பேருக்குத் திரையில் எவ்வளவு அழகான எழுத்து தெரிந்தும் பயனில்லை. ஆகவே, திரையில் படங்களைத் தொட்டு நகரலாம், எழுத்தில் உள்ளதைக் கருவி வாய்விட்டுப் படிக்கும் என்று வடிவமைத்தார்கள்.

இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த வசதி, 32 மெகாபைட் நினைவகத்தில் சாதாரணமானதாக இருக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஒழுங்கற்றது. பெரிய அகராதி இல்லாமல் கணினியால் சரியாக உச்சரிக்க முடியாது. இந்திய மொழிகளில் எழுத்துக்கும் ஒலிக்கும் நெருக்கம் அதிகம். சிறிய ஒலித்துண்டுகளைப் பதிவு செய்துகொண்டு, எழுத்து வரும் வரிசையில் ஒட்டினாலே கேட்டுப் புரிந்துகொள்ளும்படி பேச வைத்துவிடலாம். தமிழுக்குக் கூடுதலாகச் சில விதிகள் வேண்டும். ‘பம்பரம்’ என்பதில் முதல் பகரமும் இரண்டாவது பகரமும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. ஆனால் அவை அகராதி இல்லாமல் எழுதிவிடக்கூடிய விதிகள். ரமேஷ் ஹரிஹரன் இந்த வழியில் உருவாக்கிய ‘த்வனி’ என்ற பேச்சு மென்பொருள், பிறகு கட்டற்ற மென்பொருளாகத் தனியே வளர்ந்தது.

பாராட்டு வந்தது, கருவி தாமதித்தது

2001-ஆம் ஆண்டின் மிக முக்கியமான கணினிப் புதுமை எது என்று நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய புரூஸ் ஸ்டெர்லிங், ஆப்பிளையும் மைக்ரோசாஃப்ட்டையும் தள்ளிவிட்டு சிம்ப்யூட்டரைச் சுட்டிக்காட்டினார். ஆனால் பொதுமக்கள் விலை கொடுத்து வாங்கும்படி அது முழுமையாகச் சந்தைக்கு வர 2004 ஆகிவிட்டது. பேராசிரியர்கள் தொடங்கிய பிகோபெட்டா நிறுவனமும், பொதுத்துறையின் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் இணைந்து ‘அமிடா’ என்ற பெயரில் மூன்று மாடல்களை வெளியிட்டன. விலை ஏறத்தாழ 10,000 ரூபாயில் தொடங்கி, வண்ணத்திரை மாடலுக்கு 20,000 ரூபாய் வரை போனது. அமிடாவில் ஓர் அசைவு உணரி இருந்தது. கருவியைக் கையில் அசைத்தாலே பக்கம் புரளும். ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முந்தைய செய்தி இது.

முதல் ஆண்டில் 50,000 விற்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். விற்றது சுமார் 4,000. லட்சக்கணக்கில் தயாரித்தால்தான் விலை இறங்கும். விலை இறங்கினால்தான் லட்சக்கணக்கில் விற்கும். இந்த முடிச்சை அவிழ்க்க அரசின் பெரிய கொள்முதல் தேவைப்பட்டது. வந்தவையோ சிறு சிறு பயன்பாடுகள். கர்நாடகத்தில் நிலப் பதிவுகளுக்கும், சத்தீஸ்கரில் பள்ளிக் கல்விக்கும் பயன்படுத்திப் பார்த்தார்கள். மஹிந்திரா அண்ட் மஹிந்திரா நிறுவனம் வாகன எஞ்சின்களைச் சோதிக்கப் பயன்படுத்தியது. கிராமத்துக்காகப் பிறந்த கருவி தொழிற்கூடத்தில் வேலைக்குப் போனது.

அதற்குள் செல்போன் பாய்ந்து வந்துவிட்டது. 2003 மே மாதத்திலிருந்து உள்வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை. அதே ஆண்டு ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் கைபேசி கொடுத்தது. 2004 முடிவதற்குள் நாட்டில் செல்போன் இணைப்புகள் தரைவழி இணைப்புகளைத் தாண்டிவிட்டன. செல்போனில் பேச எழுத்தறிவு தேவையில்லை. எந்த மென்பொருளும் தராத தமிழை மறுமுனையில் இருந்த அக்காவோ மகனோ பேசினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் உதவும் கருவி என்ற இலக்கை எளிய செல்போன் குறுக்கு வழியில் அடைந்துவிட்டது.

யோசனை எங்கே போனது?

சிம்ப்யூட்டரைத் தோல்வி என்று எழுதி முடிப்பது வழக்கம். நான் அப்படி முடிக்க விரும்பவில்லை. பொதுக் கருவி, தனி அட்டை என்ற அந்த ஏற்பாடு இன்று நம்மைச் சுற்றி எங்கும் இருக்கிறது. ரேஷன் கடைக்குப் போய்ப் பாருங்கள். 2017 முதல் தமிழ்நாட்டில் குடும்ப அட்டை ஸ்மார்ட் கார்டாகிவிட்டது. கடையில் இருப்பது ஒரே மெஷின், வரிசையில் நிற்பவர்களிடம் தனித்தனி அட்டைகள். வங்கி இல்லாத ஊரில் வங்கி முகவர் கையடக்கக் கருவியோடு வந்து, கைரேகை வாங்கி, பணம் தருகிறார். பெங்களூர் எழுவர் வரைந்த படம் ஏறத்தாழ இதுதான்.

ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இந்தக் கருவிகளில் திரை விற்பனையாளரையோ முகவரையோ பார்த்திருக்கிறது. கணக்கில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுத்ததாகப் பதிவானது என்பதைப் படிக்கத் தெரியாத அட்டைக்குரியவர் அந்த விற்பனையாளர் அல்லது முகவர் வாய் வழியாகத்தான் அறிகிறார். சிம்ப்யூட்டரில் திரையும் குரலும் அட்டைக்குரியவருக்கானவை. அவருடைய விவரத்தை அவருடைய மொழியில் அவரிடமே சொல்வதற்காகத்தான் அத்தனை பாடும்.

இன்று ஸ்மார்ட்போனின் விலை இறங்கிவிட்டது. அதன் சில்லு சிம்ப்யூட்டருடையதைவிடப் பல மடங்கு வேகமானது. தமிழில் பேசவும் கேட்கவும் அதனால் முடியும். ஆனாலும் வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேடும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒருமுறைக் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையையே இன்னொருவர் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. வசதி இல்லாததால் வந்த நிலை இல்லை இது. படிக்கத் தெரிந்தவரை மனத்தில் வைத்தே ஒவ்வொரு செயலியும் தொடங்கப்படுகிறது. குரல் வசதி கடைசியில் ஒட்டுப்போடப்படுகிறது.

சிம்ப்யூட்டரில் வரிசை தலைகீழாக இருந்தது. படிக்கத் தெரியாதவரிலிருந்து தொடங்கினார்கள். அரசும் வங்கிகளும் மக்களுக்கென்று ஒரு செயலியை வெளியிடும் முன்பு ஒரே ஒரு சோதனை வைக்கட்டும்: எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், யார் துணையும் இல்லாமல், தன் பணத்தின் கணக்கை இதில் தெரிந்துகொள்ள முடிகிறதா? முடியாவிட்டால் அந்தச் செயலி இன்னும் முடியவில்லை என்று பொருள். 4,000 கருவிகளே விற்றாலும், இந்தச் சோதனையை முதலில் தனக்குத்தானே வைத்துக்கொண்ட கருவி சிம்ப்யூட்டர். அதற்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

*(அடுத்த இதழில்: டார்ச் விளக்கும் தூசி புகாத பொத்தான்களும் கொண்ட நோக்கியா 1100, கோடிக்கணக்கான கைகளுக்குப் போன கதை)*