மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்பவர்கள்

‘முப்பதே நாளில் சர்க்கரைக்கு முற்றுப்புள்ளி, மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்’ என்று கைப்பேசியில் வந்து விழும் மருந்து விளம்பரங்கள் சட்டத்துக்குப் புறம்பானவை. ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவும் இருக்கிறது. காசைக் கொடுத்து ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் புகார் கொடுக்கலாம்.

இந்தப் பொய் எடுபடுவதற்குக் காரணம், அதில் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதுதான். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றாண்டுக்குள் நோய் வந்துவிட்டது. சாப்பாட்டை மாற்றி, தினமும் வேகநடை போட்டவர்களில் அது 39 சதவீதம். நோய் வந்த பிறகும் வழி உண்டு. பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வில், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டு முடிவில் மாத்திரை தேவைப்படவில்லை. ஆனால் அவர்கள் நோய் கண்டு ஆறாண்டுக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மாத்திரையை நிறுத்தியதும் மருத்துவக் குழுதான்.

நம் வீடுகளில் கணக்கு தவறுவது வேறு இடத்தில். “ராத்திரி சோறே கிடையாது, நாலு சப்பாத்திதான்” என்பார்கள், ஏதோ விரதம் இருப்பதுபோல. நாலு சப்பாத்தியில் இருக்கும் மாவுச்சத்து ஒரு தட்டுச் சோற்றுக்கு இளைத்ததல்ல. கேழ்வரகும் அப்படித்தான்: நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிச் சொம்பு நிறையக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென ஏறும். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மிச்சக் கால் பங்கில் சோறு என்று வைத்துக்கொண்டால் அரிசியைப் பகைக்க வேண்டியதில்லை. சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் தசைகளே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரை போடுபவர்களும் இன்சுலின் போடுபவர்களும் ஒரு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நடக்கப் போனால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும்.

எடை குறையக் குறைய மருந்தின் அளவைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். அதனால் மருத்துவரைப் பார்ப்பதே விட்டுப்போய்விடக் கூடாது. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி அளவு, கண், பாதம், சிறுநீரகப் பரிசோதனைகள் வீட்டு வாசலுக்கு வரும் மாத்திரைப் பையில் இருக்காது. வேறு மருத்துவரிடம் போவதென்றால் பழைய சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.