சிற்றுடலும் உணவளவும்

உடல் மெலிய விரும்புவோர் நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்துண்ண வேண்டுமென்று கூறுவது வழக்கம். சிற்றுடலினர்க்கு இது பொருந்துமா?

150 சென்ரிமீற்றர் உயரமும் 55 கிலோகிராம் நிறையுமுடைய 40 வயதுப் பெண்ணொருத்தியை எடுத்துக்கொள்வோம். 1990இல் வெளியான மிஃப்லின்-செயின்ற் ஜெயோர் சூத்திரத்தின்படி, வாளாவிருக்கும்போதே அவளுடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,127 கலோரியைச் செலவிடுகின்றது. மூச்சும் இதயத் துடிப்பும் நிகழ்வது அதனாலன்றோ? பெரும்பொழுதும் அமர்ந்திருப்பவளாயின் முழுநாட் செலவும் 1,350 அளவே. அதில் 500ஐக் கழித்தால் எஞ்சுவது 850. வைத்தியரின் மேற்பார்வையின்றிப் பெண்கள் 1,200இற்குக் கீழே உண்ணலாகாதென்பது பொதுவிதி. மீறினால் இரும்பும் புரதமும் போதா. கொழுப்போடு தசையுங் கரையும்.

ஆகவே அவள் குறைக்கத்தக்கது 150 மட்டுமே. மெலிவு மெல்லவே வரும். அயல்வீட்டு நெடியவளோடு போட்டியிடுதல் வீண். உணவை மேலும் ஒறுப்பதினும் நாள்தோறும் நடந்து செலவைக் கூட்டுதல் நன்று. அதே உயரத்தில் 48 கிலோகிராம் நிறையுடையவளோ மெலியவே வேண்டியதில்லை.